இரண்டு நீளம், ஒரு குட்டை

“நீங்க முதல்ல அடிச்சா என்ன குறைஞ்சா போயிடுவீங்க? ஒரே ஒரு தடவை...”

“குறையறது கூடறது பத்தி இல்ல. அவர்தான்...”

“ஒரே ஒரு தடவை, இன்னைக்கு மட்டும்னு சொல்றேன்...”

“அவர்தான் முன்னாடி இருக்கறவர். முன்னாடி இருக்கறவர்தான் முதல்ல ஹாரன் அடிக்கணும். பின்னாடி இருக்கறவன் பதில் சொல்லணும். ரூலே அதுதான்.”

“ரூல் புத்தகத்தைத் தூக்கிட்டு வந்துட்டார். அந்தக் கடைசிக் குட்டை ஹாரன் எந்த ரூல்ல இருக்கு? எத்தனாவது பக்கம்?”

அவள் புருஷன் வாசற்படியில் உட்கார்ந்தார். குனிந்து ஷூ கயிற்றை இழுத்து இறுக்கினார். கயிறு அறுந்து கையோடு வந்தது.

“பாரு,” என்றார், அதுவும் அவள் செய்த வேலை என்பதுபோல.

மலைப்பாதையில் சரக்கு வண்டி ஏற, முன்னால் இழுக்கிற இன்ஜின் மட்டும் போதாது. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு இன்ஜின் முட்டுக் கொடுத்துத் தள்ள வேண்டும். அதற்கு பேங்கர் என்று பெயர். பதினான்கு வருடமாக அவர் பேங்கர் டிரைவர். முன் இன்ஜினை ஓட்டுகிறவர்களில் ஒருவர் அவளுடைய அண்ணன். இருவருக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் நீளத்துக்குப் பெட்டிகள். அந்த நீளத்துக்குள் பாதை இரண்டு முறை வளைந்துவிடும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. வாக்கி டாக்கி அந்த மலைக்குள் கரகரப்பதோடு சரி. ஹாரன்தான் பேச்சு. முன்னவர் இரண்டு நீளம் அடித்தால் ‘கிளம்பலாமா’ என்று கேட்கிறார். பின்னவர் அதே இரண்டு நீளத்தைத் திருப்பி அடித்தால் ‘கிளம்பலாம்’ என்கிறார். இந்த மச்சான்கள் இரண்டு பேரும் அதன் வாலில் ஒரு குட்டையைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ‘சாப்பிட்டாச்சா’ என்று அதற்கு அர்த்தம். பாதி மலையில், தண்டவாளத்தை ஒட்டியிருந்த குவார்ட்டர்ஸில், அடுப்படியில் நின்றபடியே அவள் அதைக் கேட்பாள். புருஷனும் அண்ணனும் தலைக்கு மேல் குசலம் விசாரித்துக்கொண்டு போவதுபோல இருக்கும்.

நாலு மாதமாக அது இல்லை.

“எங்கண்ணன் சொன்னது தப்புதான்,” என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “நான் அன்னைக்கே அவர்கிட்ட சொல்லிட்டேன். நம்ம பொண்ணைப் பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டு மனுஷங்க உக்காந்திருக்கும்போது அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

“என்ன பேசினார்? சொல்லேன். நீயும் ஒரு தடவை சொல்லிப் பாரேன்.”

“எதுக்கு இப்ப.”

“‘என் மச்சான் அடுத்தவன் முதுகைத் தள்ளியே பொழைச்சவர். முன்னாடி பாதை எப்படி இருக்கும்னே தெரியாது.’ எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்.”

“நான் சிரிக்கல.”

“பல்லைக் காட்டினே.”

“வந்தவங்க முன்னாடி அழவா முடியும்?”

அவர் பேங்கருக்குப் போனதே அவளுக்காகத்தான். அவள் எட்டு மாதம் எழுந்திருக்க முடியாமல் படுக்கையில் கிடந்த வருடம் அது. முன் இன்ஜினில் போனால் மூன்று நாள் கழித்துத்தான் வீடு திரும்ப முடியும். பேங்கர் அப்படி இல்லை. மேலே தள்ளிவிட்டுக் கீழே வந்துவிடலாம், சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். அவரே எழுதிக் கேட்டு வாங்கிக்கொண்டார். அண்ணனுக்கும் அது தெரியும். தெரிந்தே விளையாட்டுக்குச் சொன்ன வார்த்தை அது.

“சரி, கோவம் இருக்கட்டும். ஆனா ரெண்டு பேரும் ஹாரனே அடிக்கறதில்லையே, அது என்ன கூத்து? நான் இங்க நின்னு காதைத் தீட்டிட்டு இருக்கேன். வண்டி பாட்டுக்கு ஊமை மாதிரி கிளம்பிப் போகுது.”

“ஹாரன் எதுக்கு? அவர் பிரேக்கை விட்டா மொத்த லோடும் என் இன்ஜின் மேல வந்து சாயும். எனக்கு முதுகெலும்புல தெரியும். தள்ளுவேன். போகுதுல்ல?”

“மத்த டிரைவருங்க கூட?”

“மத்தவங்க கூட ரூல்படி.”

“அப்ப எங்கண்ணன் கூட மட்டும் ரூல் இல்ல.”

“உங்கண்ணன் கூட மட்டும் பேச்சு இல்ல.”

“அடுத்த மாசம் நம்ம பொண்ணு கல்யாணம். அவ மாமா இல்லாமலா நடத்தப் போறீங்க? இன்னைக்குப் பத்தரை வண்டி அவரோடதுதான். ரெண்டு நீளம், ஒரு குட்டை. அவர் பதில் அடிக்கலன்னா இனிமே நான் வாயைத் திறக்கல.”

“நீ வாயைத் திறக்காம இருக்கறதுக்காகவாவது அடிக்கணும் போலிருக்கு,” என்று சொல்லிவிட்டு, ஒரு ஷூவில் கயிறு இல்லாமலேயே படியிறங்கிப் போனார்.

பத்தரை வண்டி பத்து ஐம்பதுக்கு வந்தது. சிமென்ட் லோடு. மேலிருந்து இறங்கும் வண்டிக்கு வழிவிட அந்த இடத்தில் பத்து நிமிடம் நிற்கும். முன் இன்ஜின் அவள் வீட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது. பின் இன்ஜின் எங்கோ வளைவுக்கு அந்தப் பக்கம்.

கதவைத் தட்டியது அண்ணனுடைய அசிஸ்டென்ட். ஐம்பது வயது, வழுக்கை, முழங்கால் வலி. எதையும் அவசரமாகச் செய்ததில்லை என்பதால் எல்லோரும் அவரை ‘அவசரம்’ என்று கூப்பிடுவார்கள்.

“அக்கா, கொஞ்சம் வெந்நீர் வேணுமாம்.”

“யாருக்கு?”

“அவருக்குத்தான். உங்கண்ணனுக்கு.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எங்கண்ணனா? என் வீட்டுலேர்ந்தா?”

“‘தங்கச்சிகிட்ட வாங்கிட்டு வா’ன்னார்.”

“தங்கச்சின்னா சொன்னார்?”

“ஆமாக்கா. ஏதோ வாயுப் பிடிப்பு போலிருக்கு. இடது கையை உதறிக்கிட்டே வர்றார். அடிவாரத்துலேர்ந்தே ஒரு மாதிரியா இருக்கார்.”

“வாயுதான். காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டார். பாட்டிலைக் கீழ வைங்க, அதுல வேண்டாம்.”

“இதுவே போதும்க்கா, சிக்னல் விழுந்துடும், வண்டி கிளம்பிடும்.”

“நாலு மாசம் கழிச்சு எங்கண்ணன் என் வீட்டுத் தண்ணி கேக்கறார், பழைய பிளாஸ்டிக் பாட்டில்லயா குடுத்து விடுவேன்? நில்லுங்க. புது பிளாஸ்க் இருக்கு.”

பிளாஸ்க் பரண்மேல் இருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறினாள். அட்டைப்பெட்டியைப் பிரித்தாள். புதுசு என்பதால் இரண்டு தடவை கழுவினாள். தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தாள். வாயெல்லாம் சிரிப்பாக இருந்தது. அவசரம் வாசலில் நின்று, எதிர்வண்டி கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகியபோது வெளியே பெட்டிகள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் வரிசையாக ஓடியது. வண்டி நகர்ந்தது.

“அய்யய்யோ,” என்றார் அவசரம்.

இரண்டு பேரும் வெளியே ஓடிவந்தார்கள். முன் இன்ஜின் அதற்குள் மேல் வளைவில் பாதி மறைந்திருந்தது. பெட்டிகள் ஆள் நடக்கும் வேகத்தில் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தன. ஓடினால் பிடித்திருக்கலாம், முழங்கால் சரியாக இருக்கிறவனாக இருந்தால்.

“உங்களை விட்டுட்டுப் போயிட்டாரே.”

“சிக்னல் விழுந்திருக்கும். நான் வரலன்னு கோவம். ஒரு ஹாரன் அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பேன்ல?”

“அவர் எங்க அடிக்கறார். ரெண்டு பேரும்தான் ஊமை விரதம் இருக்காங்களே.”

“அடுத்த வண்டியில வர்றேன். வேற வழி?”

கார்டு பெட்டி வந்தது. கார்டு வெளியே தலையை நீட்டி, அவசரம் தரையில் நிற்பதைப் பார்த்து, கையை விரித்து என்ன என்று கேட்டார். வண்டியை நிறுத்தவா என்று அதற்கு அர்த்தம். அந்த ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு. மேலே ரிப்போர்ட் போகும். டிரைவர் ஏன் அசிஸ்டென்ட் இல்லாமல் கிளம்பினார், அசிஸ்டென்ட் ஏன் இறங்கினார் என்று இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். அவசரம் இரண்டு உள்ளங்கைகளையும் காட்டி, போ போ என்றார்.

கடைசியாக பேங்கர் வந்தது. ஜன்னலில் அவள் புருஷன். வீட்டு வாசலில் மனைவியையும் அவசரத்தையும் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அவள் பிளாஸ்க்கைத் தூக்கிக் காட்டினாள். முன்பக்கம் கையை நீட்டி, பிறகு வாயில் பெருவிரலை வைத்துக் குடிப்பதுபோல் காட்டினாள். அண்ணன் கேட்டார், நம் வீட்டில் கேட்டார். அவருக்குப் புரிந்தது. முன்னால் ஒருவர் தனியாக ஓட்டிக்கொண்டு போகிறார் என்பதும் அந்த நொடியில் புரிந்திருக்க வேண்டும். அவள் முஷ்டியை உயர்த்தி, ஹாரனை இழுப்பதுபோல் இரண்டு தடவை நீளமாக, ஒரு தடவை வெடுக்கென்று காட்டினாள்.

அவர் சிரித்தார். நாலு மாதத்தில் அவள் பார்க்காத சிரிப்பு.

இன்ஜின் வளைவில் திரும்பும்போது ஹாரன் கேட்டது. இரண்டு நீளம். ஒரு குட்டை.

“அடிச்சிட்டார்,” என்றாள். “கேட்டீங்களா? அடிச்சிட்டார்.”

“இனி அவர் அடிப்பார் பாருங்க.”

நின்றார்கள். மலையின் எதிரொலி அடங்கியது. முன்னால் இருந்து ஒன்றும் வரவில்லை.

“காத்து எதிர்ப்பக்கம் அடிக்குதுக்கா. கேட்டிருக்காது.”

“கேக்காம எங்க போகும்? வீம்பு. என்கூடப் பிறந்தவரை எனக்குத் தெரியாதா?”

கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் மேலேயிருந்து, மறுபடியும் இரண்டு நீளம், ஒரு குட்டை. பதில் இல்லை. மூன்றாவது முறை குட்டை இல்லை. நீளம் மட்டும், கோபமாக, ஒரே இழுப்பு. அதற்குப் பிறகு பேங்கர் இன்ஜினின் உறுமல் ஏறியது. முழு வேகத்தில் தள்ளுகிறார் என்று அவளுக்கே தெரிந்தது.

“உக்காருங்க,” என்றாள் அவசரத்திடம். “அடுத்த வண்டி பன்னண்டரைக்குத்தான். இந்தத் தண்ணியையாவது குடிங்க. கேட்டவருக்குக் குடுத்து வைக்கல.”

அவர் ஒரு டம்ளர் குடித்தார்.

போன் அடித்தபோது மணி பன்னிரண்டு ஆகவில்லை. மேல் ஸ்டேஷனிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டர். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவசரம் அங்கே இருக்கிறாரா என்று மட்டும் கேட்டார். அவள் போனை நீட்டினாள்.

“ஆமா சார். இறங்கினேன் சார். அவர்தான் சார் அனுப்பினார், தண்ணிக்கு. இல்ல சார். இல்ல.” பிறகு அவசரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தார். சுவரில் கையை ஊன்றினார். “எப்ப சார்?”

அவள் அடுப்பை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று தெரியவில்லை. அதில் பால் இருந்தது, இன்னும் பொங்கவில்லை.

“என்ன?”

“ஜீப் அனுப்பறாங்களாம்க்கா.”

“எதுக்கு? யாருக்கு? வண்டிக்கு ஏதாவது...”

“வண்டிக்கு ஒண்ணும் இல்ல.”

“அவருக்கா?”

“உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார்.”

அவர் போனை அதன் இடத்தில் வைத்தார். மீதி யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க ஒரு விரல் போதும்.

ஆஸ்பத்திரி மேல் ஊரில் இருந்தது. ஜீப்பில் இருபது நிமிடம். வாசலிலேயே ஸ்டேஷன் மாஸ்டர் நின்றிருந்தார். சின்ன மனிதர், கையில் சிவப்புக் கொடியை இன்னும் சுருட்டாமல் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குத் தன் கையிலும் பிளாஸ்க் இருப்பது தெரிந்தது.

“அண்ணன் எங்க?”

“வாங்கம்மா. உக்காருங்க.”

“உக்கார வேண்டாம். சொல்லுங்க.”

“சிவப்பு சிக்னல் போட்டிருந்தேன்மா. வண்டி நிக்கல. சிக்னலைத் தாண்டி உள்ள வந்துட்டுது. எட்டிப் பாத்தா ஜன்னல்ல ஆள் இல்ல. கொடியை ஆட்டிக்கிட்டே பக்கத்துல ஓடினேன். உச்சி இன்னும் அம்பதடிதான். அதைத் தாண்டியிருந்தா அந்தப் பக்கம் முழுக்க இறக்கம், கீழ ஊரு. ஸ்டேஷன் கிட்ட வாக்கி டாக்கி எடுக்கும், அதுல கத்தினதும் பின்னாடி கார்டு பிரேக்கைப் பிடிச்சார். அப்பதான் நின்னுச்சு.”

“அண்ணன்?”

“சீட்டுக்கும் கன்ட்ரோல் பலகைக்கும் நடுவுல சரிஞ்சு கிடந்தார். வேகத்தைக் கூட்டற கைப்பிடி மூணாவது நாட்ச்ல அப்படியே இருந்துது. இன்ஜின் பாட்டுக்கு இழுத்துட்டே இருந்திருக்கு.”

“உயிர்...”

ஸ்டேஷன் மாஸ்டர் கொடியைப் பார்த்தார்.

“டாக்டர் என்ன சொல்றார்னா, கிளம்பும்போதே அட்டாக் வந்திருக்கும்ங்கறார். பிரேக்கை விட்டிருக்கார், நாட்ச் வச்சிருக்கார், அதோட சரி. ஆனா உடனே போகலையாம். கொஞ்ச நேரம் இருந்திருக்கும்ங்கறார். கால் மணியோ, இருபது நிமிஷமோ. அந்த நேரத்துல யாராவது பக்கத்துல இருந்திருந்தா, அங்கிருந்தே ஜீப்ல ஏத்தியிருந்தா...” அவர் நிறுத்திக்கொண்டார். “இதை நான் சொல்லியிருக்கக் கூடாது.”

அவசரம் சுவரோரமாக அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “போ போன்னேன்,” என்றார். “கார்டு கேட்டார். நிறுத்தவான்னு கேட்டார். நான் போ போன்னு கையைக் காட்டினேன்.”

“நான் ரெண்டு நிமிஷத்துல குடுத்திருக்கலாம்,” என்றாள் அவள். “உங்க பாட்டில்லயே குடுத்திருக்கலாம். நான்தான் பரண்மேல ஏறினேன்.”

அவர்கள் இரண்டு பேரும் ஒருவர் சொன்னதை ஒருவர் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்குத் தப்பிப்போய்த் திரும்பத் திரும்பக் கூட்டுகிறவர்கள்போல அவரவர் வரியையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

புருஷன் நடைவழியின் கோடியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, கிரீஸ் படிந்த கைகளை முன்னால் தொங்கவிட்டு. ஒரு ஷூவில் கயிறு இல்லை. அவள் பக்கத்தில் போய் நின்றாள். அவர் நிமிரவில்லை.

“பாத்தீங்களா?”

“பாத்தேன். நான்தான் முதல்ல ஏறினேன். பின்னாடியிருந்து ஓடி ஓடி வந்தேன். அவ்வளவு நீளம்னு இன்னைக்குத்தான் தெரியுது, அந்த வண்டி.”

“எப்படி இருந்தார்?”

“தூங்கறாப்பல.” தலையை ஆட்டி, “இல்ல. அப்படி இல்ல,” என்றார்.

அவள் பெஞ்சின் மறு நுனியில் உட்கார்ந்தாள். பிளாஸ்க்கை இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

“சிக்னல் விழுந்துச்சு,” என்றார் அவர். யாரோ கேள்வி கேட்டதுபோல, எழுத்தில் கொடுக்க வேண்டியதை ஒப்பித்துப் பார்ப்பதுபோல. “லோடு என் மேல வந்து சாஞ்சுது. சரி, பிரேக்கை விட்டுட்டார். ஹாரன் இல்ல. ஹாரன் இல்லன்னா நகரக் கூடாது. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு முதல் நாள் சொல்லிக் குடுக்கறது அது. வேற யாரா இருந்திருந்தாலும் இறங்கிப் போய்ப் பாத்திருப்பேன். வேற யாரா இருந்தாலும்.”

“தெரியும்.”

“அவர்ங்கறதால தள்ளினேன்.”

“என்னங்க...”

“ஆறு கிலோமீட்டர். முப்பத்தஞ்சு நிமிஷம். கனமா இருந்துது. என்னைக்கும் இல்லாத கனம். பாதி பாரத்தை என் தலையில கட்டிட்டு சும்மா உக்காந்திருக்கான் பாருன்னு நினைச்சேன். திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன். என்னென்ன சொன்னேன்னு உன்கிட்ட சொல்ல முடியாது.”

நடைவழியில் ஒரு நர்ஸ் அவளுடைய அண்ணனின் பூட்ஸைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

“அண்ணி கிளம்பிட்டாங்களாம்,” என்றாள் அவள் கடைசியில். “ஒரு மணிக்குள்ள வந்துடுவாங்க. எப்படின்னு கேப்பாங்க.”

“ம்.”

“என்ன சொல்றது?”

அவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அவரோட வலது கை பலகை மேல நீண்டிருந்துச்சு,” என்றார். “ஹாரன் பிடி அந்தப் பக்கம்தான். ஜன்னலும் அந்தப் பக்கம்தான். எதுக்கு நீட்டினார்னு தெரியல.”

“விடுங்க.”

“மூணு தடவை அடிச்சேன். முதல் ரெண்டு தடவை நீ காட்டின மாதிரியே, குட்டையோட. அப்ப உயிர் இருந்திருக்கும்னுதானே டாக்டர் சொல்றார்?”

அவள் பிளாஸ்க்கின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது சரியாக மூடப்படவில்லை. விளிம்பிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது.

“சொல்லேன். நான் அடிச்சது அவர் காதுல விழுந்திருக்குமா?”